ஆடி மாதத்துக்கும் சந்தா

ஆடி பிறந்தால் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். மார்கழியிலும் அப்படித்தான். இந்த இரண்டு மாதங்களில் ஸ்டுடியோக்காரர்கள் கேமராவைச் சர்வீஸுக்குக் கொடுப்பார்கள், தேங்கிப்போன ஆல்பங்களை முடிப்பார்கள், வராத பாக்கியைக் கேட்டு நடப்பார்கள். புது வருமானம் அநேகமாக இருக்காது. ஆனால் போட்டோஷாப்புக்கும் லைட்ரூமுக்கும் கட்டுகிற சந்தாவுக்கு முகூர்த்த மாதம், சும்மா இருக்கும் மாதம் என்ற கணக்கெல்லாம் கிடையாது. தேதி வந்தால் கார்டிலிருந்து பணம் போய்விடும்.

ஆடியில் நிறுத்திவிட்டு ஆவணியில் தொடரலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். மாதாமாதம் பணம் எடுக்கும் திட்டமாக நாம் நினைத்துக்கொண்டிருப்பது பல சமயம் ஓராண்டு ஒப்பந்தம். தவணை மட்டும்தான் மாதக்கணக்கில். நடுவில் விலகினால் மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கட்டணமாகக் கேட்கலாம். இந்தக் கட்டணத்தை வாடிக்கையாளரிடம் தெளிவாகச் சொல்லாமல் ஒளித்தார்கள், விலகும் வழியையும் வேண்டுமென்றே சுற்றலாக்கினார்கள் என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசு, இந்த மென்பொருள்களை விற்கும் அடோபி நிறுவனத்தின் மீது வழக்கே தொடுத்தது. அடோபி அதை மறுத்தது. வழக்கு ஒருபுறம் இருக்க, மாத வருமானம் சீராக இல்லாத ஒரு தொழிலுக்கு இப்படிப்பட்ட ஒப்பந்தம் பொருந்தாது என்பது நம் ஊர்ப் புகைப்படக்காரர் எவருக்கும் புரியும்.

இந்தக் கட்டுரை அவர்களுக்காகவும், வீட்டில் ஒரு நல்ல கேமரா வைத்துக்கொண்டு சந்தா கட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காகவும். இலவச மென்பொருள்களுக்கு மாற முடியுமா? முடியும். எல்லாருக்கும், எல்லா வேலைக்கும் முடியுமா? அதை மறைக்காமல் பேசவேண்டியிருக்கிறது.

பெட்டியிலிருந்து சந்தாவுக்கு

1987-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் நோல், கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறப் படங்களைக் காட்டுவதற்காக ஒரு சிறு நிரல் எழுதினார். சினிமாவுக்குக் கிராபிக்ஸ் செய்யும் நிறுவனமொன்றில் வேலைபார்த்த அவருடைய தம்பி ஜான் நோல் அதைப் பார்த்து, இதை முழு மென்பொருளாக்கலாம் என்றார். 1990 பிப்ரவரியில் போட்டோஷாப்பின் முதல் பதிப்பு வந்தது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் அது பெட்டியில்தான் விற்றது. ஒருமுறை காசு கொடுத்தால் அந்தப் பதிப்பு உங்களுடையது. 2012-இல் வந்த சி.எஸ்.6 பதிப்பின் விலை 699 டாலர். அடுத்த ஆண்டு மே மாதம், இனிப் புதுப் பதிப்புகள் சந்தாவுக்கு மட்டுமே என்று அறிவித்தார்கள். லைட்ரூம் மட்டும் சில காலம் தப்பித்தது; 2017-இல் அதற்கும் அதே முடிவு.

நம் ஊரில் கதை வேறு. 699 டாலர் கொடுத்து வாங்கிய ஸ்டுடியோக்களைவிடத் திருட்டுப் பிரதியில் ஓடியவை மிக அதிகம். 2002-இல் வந்த போட்டோஷாப் 7.0 இன்றைக்கும் டி.டி.பி. கடைகளில் பேனர் அடித்துக்கொண்டிருக்கிறது. இதை மூடி மறைப்பதில் பயனில்லை. சந்தா கட்டுகிறவர் பலர் ஒருகாலத்தில் 'கிராக்' பதிப்பில் தொழில் கற்றவர்கள். தொழில் வளர்ந்ததும் நேர்மையாகக் காசு கொடுக்க வந்தவர்கள். அவர்களிடம்தான் இப்போது விலை ஏறுகிறது. லைட்ரூமும் போட்டோஷாப்பும் சேர்ந்து மாதம் 9.99 டாலருக்குக் கிடைத்த 20 ஜி.பி. திட்டத்தைப் புது வாடிக்கையாளர்களுக்கு விற்பதை அடோபி 2025 ஜனவரியில் நிறுத்தியது. ஏற்கெனவே மாதத் தவணையில் இருந்தவர்களுக்கு அது 14.99 டாலர் ஆனது. ஒரே தாவலில் 50 சதவீதம்.

ஆனாலும் விலையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. லைட்ரூமில் நீங்கள் படத்தில் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் அதன் கேட்டலாக்கில் குறிப்பாகச் சேமிக்கப்படுகிறது. மூலப் படம் மாறுவதில்லை. நல்ல ஏற்பாடுதான். சந்தா நின்றால் என்ன ஆகும்? கேட்டலாக் திறக்கும், படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். ஆனால் திருத்தும் பகுதியான 'டெவலப்' பூட்டிக்கொள்ளும். ஐந்து வருடத்துக்கு முன் எடுத்த கல்யாணப் படத்தை, தாத்தா இறந்துவிட்டார், அவர் முகத்தை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கிப் பெரிதாகப் போட்டுத்தாருங்கள் என்று ஒரு குடும்பம் கேட்டு வந்தால், உங்கள் சொந்த உழைப்பைத் திறந்து மேலே தொடர மறுபடி பணம் கட்டவேண்டும்.

2019 அக்டோபரில் வெனிசுவேலாவில் நடந்தது இதைவிடக் கடுமை. அமெரிக்காவின் பொருளாதாரத் தடை உத்தரவைக் காரணம் காட்டி, அந்த நாட்டின் எல்லாக் கணக்குகளையும் மூடப்போவதாக அடோபி அறிவித்தது. பிறகு அரசிடம் அனுமதி பெற்றுச் சேவையைத் தொடர்ந்தார்கள். ஆனால் அந்தச் சில வாரங்களில் அங்கிருந்த வடிவமைப்பாளர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள்? தொழில் செய்யும் கருவி நம் கையில் இருக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். காசு மிச்சமாவது அடுத்தபடி.

எதற்கு எது?

லைட்ரூம் செய்யும் வேலைக்கு டார்க்டேபிள், ராதெரபி என இரண்டு உண்டு. போட்டோஷாப் வேலைக்கு கிம்ப். ஓவியம் போல வரைபவர்களுக்கு கிரிட்டா. ஆயிரக்கணக்கான படங்களை அடுக்கி வைக்க டிஜிகேம். இவை ஐந்துமே மூலநிரல் வெளிப்படையாக உள்ள மென்பொருள்கள். இலவசமாகக் கிடைப்பதை வைத்துத் தொழில் செய்து காசு வாங்கலாமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. தாராளமாக வாங்கலாம், இவற்றின் உரிமம் அதைத் தடுப்பதில்லை. ஒரே எச்சரிக்கை, அந்தந்தத் திட்டத்தின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 2022-இல் கூகுள் விளம்பரம் வழியாகவே போலி கிம்ப் ஒன்று வைரஸோடு பரவியது.

இன்னும் இரண்டையும் சொல்லவேண்டும். இவான் குட்ஸ்கிர் என்ற நிரலாளர் உருவாக்கிய போட்டோபியா பிரவுசரிலேயே ஓடும், போட்டோஷாப்பின் பி.எஸ்.டி. கோப்புகளை நன்றாகத் திறக்கும். அஃபினிட்டி, இங்கிலாந்தின் செரிஃப் நிறுவனத்துடையது. அதை 2024-இல் கேன்வா வாங்கி, 2025 அக்டோபரில் இலவசமாக்கியது. தரமான மென்பொருள். ஆனால் இன்றைக்கு இலவசம் என்று முடிவெடுத்த நிறுவனம் நாளைக்கு வேறு முடிவும் எடுக்கலாம். கிம்ப்பின் மூலநிரல் அதன் உரிமப்படி எல்லாருக்கும் திறந்தே இருக்கும். முப்பது வருட ஆயுள் அதற்கு உண்டு: 1995-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் தொடங்கியது. அவர்கள் விலகிப் பல காலம் ஆகியும் வேறு கைகள் அதை நடத்துகின்றன.

முகூர்த்தப் படம் ஒன்று

டார்க்டேபிளை 2009-இல் ஜெர்மனியைச் சேர்ந்த யோஹானஸ் ஹனிகா தொடங்கினார். கோடையில் ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என வருடத்துக்கு இரண்டு பதிப்புகள் வருவது வழக்கம். நம் ஊர்க் கல்யாணப் படத்தில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

தாலி கட்டும் நேரம். மணப்பெண் அரக்குச் சிவப்புக் கூறைப்புடவையில். ஒரு பக்கம் வீடியோக்காரர் பிடித்திருக்கும் மஞ்சள் ஃபோகஸ் லைட். மறுபக்கம் மேடை அலங்காரத்தின் ஊதா எல்.இ.டி. நடுவில் ஹோமப் புகை. நெற்றிச்சுட்டியின் தங்கம் வெளுத்துப்போயிருக்கிறது, புடவையின் சிவப்பு ஒரே திட்டாக அப்பிக்கொண்டு ஜரிகை தெரியவில்லை, கன்னத்தில் ஊதா.

லைட்ரூமில் பழகிய கை முதலில் ஹைலைட்ஸைக் குறைக்கப் போகும். டார்க்டேபிளில் வரிசை வேறு. முதலில் எக்ஸ்போஷரைத் தள்ளி, முகம் எவ்வளவு வெளிச்சமாக இருக்கவேண்டுமோ அங்கே நிறுத்துங்கள். தங்கம் இன்னும் வெளுக்கும், கவலைப்படவேண்டாம். கேமரா பதிவு செய்த வெளிச்சத்தைத் திரை காட்டக்கூடிய அளவுக்குள் மடக்குவது 'சிக்மாய்ட்' அல்லது 'ஃபில்மிக்' என்ற பகுதியின் வேலை. கேமரா உண்மையிலேயே தகவலைப் பதிவு செய்திருந்தால், சுட்டியின் வேலைப்பாடு அங்கே திரும்பி வரும்.

அடுத்தது நிறம். 'கலர் கேலிபரேஷன்' பகுதியை இரண்டு பிரதிகளாக எடுக்கலாம். முதல் பிரதியில் மஞ்சள் ஃபோகஸ் லைட்டுக்கு ஏற்ப மொத்தப் படத்தையும் சரிசெய்யுங்கள். இரண்டாவதை ஊதா வெளிச்சத்துக்கு ஏற்ப வைத்து, கன்னத்தின் அந்தப் பக்கத்தை மட்டும் சுற்றி ஒரு மாஸ்க் வரைந்து, அதற்குள்ளும் ஊதா நிறம் உள்ள இடங்களில் மட்டும் செயல்படும்படி நிறத்தைக் கொண்டு எல்லை போடுங்கள். வரைந்த மாஸ்க்கும் நிறத்தால் பிரிக்கும் மாஸ்க்கும் சேர்ந்து வேலை செய்வதை இதைவிடத் துல்லியமாகத் தரும் மென்பொருள் சந்தாவிலும் அரிது என்பது என் கருத்து. புடவையின் சிவப்பில் 'கலர் பேலன்ஸ் ஆர்.ஜி.பி.' கொண்டு செறிவைச் சற்றே இறக்கினால் திட்டு உடைந்து ஜரிகை இழை இழையாகப் பிரியும். புகைக்கு 'ஹேஸ் ரிமூவல்' உண்டு. ஆனால் ஹோமத்தில் புகை கொஞ்சம் இருப்பதே அழகு. அதை முழுக்கத் துடைத்துவிடாதீர்கள்.

இந்தத் திருத்தங்கள் அத்தனையும் படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய எக்ஸ்.எம்.பி. கோப்பாக எழுதப்படும். ஃபோல்டரை வேறு டிஸ்க்கில் போட்டாலும் குறிப்பு கூடவே போகும். யாரும் பூட்ட முடியாது.

பழக வாரக்கணக்கில் ஆகும், அதை மறைக்கவில்லை. பகுதிகளின் எண்ணிக்கையே மிரட்டும். எண்பதுக்கு எட்டைத் தேர்ந்தெடுத்து 'ஃபேவரிட்' ஆக வைத்துக்கொண்டால் போதும். மீதி கண்ணில் படாது.

கை தேடும் இடம்

கிம்ப்புக்கு மாறுகிறவர்களுக்கு அறிவில் சிக்கல் வருவதில்லை, விரலில்தான் வருகிறது. புது வீட்டு அடுப்படியில் உப்பு டப்பாவுக்காகப் பழைய அலமாரி இருந்த பக்கம் கை போகுமே, அந்த மாதிரி. போட்டோஷாப்பில் கன்ட்ரோல் டி அழுத்தினால் தேர்வு நீங்கும். கிம்ப்பில் அதே விசைகள் முழுப் படத்தையும் நகலெடுத்து இன்னொன்றாகத் திறக்கும். தேர்வை நீக்க கன்ட்ரோல் ஷிஃப்ட் ஏ. சேமிக்கப் போனால் கிம்ப் தன் எக்ஸ்.சி.எஃப். வடிவத்தில் மட்டுமே சேமிக்கும்; ஜேபெக் வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட்'. இதைத் தெரியாமல் எரிச்சலில் முதல் நாளே கைவிட்டவர்கள் நிறையப் பேர். விசைக் குறுக்குவழிகளை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளேயே இருக்கிறது. முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

கிம்ப் மட்டம் என்று சொல்பவர்கள் அநேகமாகப் பழைய பதிப்பை நினைத்துச் சொல்கிறார்கள். 2018-இல் வந்த 2.10 பதிப்பில்தான் ஒரு வண்ணத்துக்கு 16, 32 பிட் ஆழம் வந்தது. 2025 மார்ச்சில் வெளியான 3.0 பதிப்பில், போட்ட ஃபில்டரைப் பிறகு திறந்து மாற்றும் வசதியும் வந்துவிட்டது. இத்தனை வருடத் தாமதம் நியாயமில்லைதான். ஆனால் உலகமே பயன்படுத்தும் இந்த மென்பொருளை ஒரு கைப்பிடி ஆட்களே முன்னெடுக்கிறார்கள் என்று தெரிந்தால் கோபம் குறையும். சில விஷயங்களில் அது முந்தியும் இருந்திருக்கிறது. படத்தில் வேண்டாத ஆளை அழித்துப் பின்னணியைத் தானாக நிரப்பும் வசதி போட்டோஷாப்பில் 2010-இல் வந்தபோது ஊரெல்லாம் பேச்சு. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் பால் ஹாரிசன் தன் முனைவர் பட்ட ஆய்வில் உருவாக்கிய 'ரீசிந்தசைசர்' என்ற செருகுநிரல், பல வருடம் முன்பே கிம்ப்பில் அதைச் செய்துகொண்டிருந்தது.

மாற முடியாத இடங்கள்

ஆல்பம் டிசைனர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்: அவசரப்படாதீர்கள். 12×36 இன்ச் கரிஸ்மா ஷீட்டுகளுக்கான ரெடிமேட் பி.எஸ்.டி. டெம்ப்ளேட்டுகள் போட்டோஷாப்பின் கிளிப்பிங் மாஸ்க், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஆகியவற்றை நம்பிச் செய்யப்பட்டவை. கிம்ப் பி.எஸ்.டி.யைத் திறக்கும், ஆனால் இவையெல்லாம் அதே குணத்தோடு வரா. போட்டோபியா இங்கே ஓரளவு கைகொடுக்கும். நூறு படத்துக்கு ஒரே அழுத்தில் ஓடும் 'ஆக்‌ஷன்' ரெக்கார்டிங்கும் கிம்ப்பில் இல்லை. ஸ்கிரிப்ட் எழுதத் தெரியவேண்டும். லேபுக்குக் கடைசியில் போவது ஜேபெக் தான், அது எந்த மென்பொருளில் பிறந்தது என்று லேப் கேட்பதில்லை. ஆகவே டெம்ப்ளேட் இல்லாமல் சொந்தமாக ஷீட் அமைப்பவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது.

சிவகாசிக்கு காலண்டர், போஸ்டர் வேலை அனுப்புகிறவர்களுக்கு நான்கு வண்ண அச்சுக் கோப்பு தேவை. கிம்ப் 3.0 அச்சில் நிறம் எப்படி வரும் என்று காட்டும், சில வடிவங்களில் சி.எம்.ஒய்.கே. ஆக ஏற்றுமதியும் செய்யும். ஆரம்பம் முதல் அந்த நான்கு வண்ணங்களிலேயே வேலைசெய்ய கிரிட்டா பக்கம் போகவேண்டும்.

நிகானின் இசட்8, இசட்9 வைத்திருப்பவர்கள் 'ஹை எஃபிஷியன்சி' என்ற சுருக்க முறையில் ரா படம் எடுக்கிறார்களா என்று பாருங்கள். அது தனியார் உரிமத்தில் உள்ள நுட்பம் என்பதால் டார்க்டேபிளும் ராதெரபியும் அதைத் திறக்கத் தடுமாறுகின்றன. கேமராவிலேயே 'லாஸ்லெஸ்' முறைக்கு மாற்றினால் தீர்ந்தது. ஏ.ஐ. கொண்டு இல்லாத பின்னணியை எழுதி வரவழைக்கும் வசதி உங்கள் அன்றாடப் பிழைப்பு என்றால், கிம்ப்பில் அதற்கு ஈடு இல்லை.

தமிழ் எழுதும்போது

மாறாகத் தமிழ் எழுத்து விஷயத்தில் கிம்ப் பக்கம்தான் நியாயம். பழைய போட்டோஷாப்பில் யூனிகோடில் 'கொ' என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். அதனால்தான் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் நம் டி.டி.பி. கடைகளை இன்னும் விடவில்லை. புதிய போட்டோஷாப்பில் இந்திய மொழிகளுக்கு வசதி வந்துவிட்டது. ஆனால் சரியான எழுத்தமைப்பு முறையைத் தேர்ந்தெடுத்திருக்கவேண்டும். அது தெரியாதவர்களுக்குக் கொம்பு இன்னமும் உடைகிறது.

கிம்ப் எழுத்தை அடுக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரலிடம் ஒப்படைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் சரியாகத் தெரிவதும் அதனால்தான். தமிழ்99 விசைப்பலகையில் தட்டியது தட்டியபடியே திரையில் வரும். எழுத்துருவுக்கும் செலவில்லை: காட்டமரான், முக்தா மலர், பலூ தம்பி, மீரா இனிமை, கவிவனார், பவனம், நோட்டோ என நல்ல தமிழ் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. பத்திரிகை அடிப்பவர்கள் பலூ தம்பியில் மணமக்கள் பெயரை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

எப்போது, எப்படி?

மாற நல்ல நேரம் ஆடிதான். கையில் ஆர்டர் இல்லாதபோது பழகினால் வாடிக்கையாளர் பாதிக்கப்படமாட்டார். சந்தாவின் ஆண்டு முடியும் தேதியை இன்றைக்கே கணக்கில் பார்த்து எழுதிவையுங்கள். அதற்கு முன் விலகினால் அந்தக் கட்டணத் தலைவலி வரும்.

விலகும் முன் செய்யவேண்டியது முக்கியம். லைட்ரூமில் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்துக் குறிப்புகளை எக்ஸ்.எம்.பி. கோப்பாக எழுதச் சொல்லுங்கள். நட்சத்திர மதிப்பீடு, குறிச்சொல், படத்தை வெட்டிய அளவு, எக்ஸ்போஷர் போன்றவற்றை டார்க்டேபிள் படித்துக்கொள்ளும். மற்ற திருத்தங்கள் அப்படியே வராது. இரண்டும் நிறத்தைக் கணக்கிடும் முறையே வேறு. அதனால் இனியும் கேட்டு வரக்கூடிய முக்கியமான படங்களை 16 பிட் டிஃப் கோப்புகளாக வெளியே எடுத்துவிடுங்கள். இடம் நிறைய அடைக்கும். ஒரு ஹார்ட் டிஸ்க்கின் விலை சில மாதச் சந்தா. ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் உள்ள பி.எஸ்.டி.களில் லேயர்களைச் சாதா லேயர்களாக மாற்றி ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

கணினியைப் பற்றியும் ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 11-ஐ ஏற்காத பழைய கணினி இருந்தால் லினக்ஸ் போட்டு மேலே சொன்ன ஐந்தையும் அதில் ஓட்டலாம். கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் அரசு தந்த லினக்ஸில் கிம்ப் கற்றே வளர்கிறார்கள். அங்கே அது பாடநூலிலேயே இருக்கிறது. நம் பள்ளிகளின் கணினி அறைகளுக்கும் அது வரவேண்டும். வந்தால் திருட்டுப் பிரதியில் தொழில் கற்கும் தலைமுறை நம்மோடு முடியும்.

மிச்சமாகும் சந்தாவில் இரண்டு மாதத் தொகையையாவது வருடத்துக்கு ஒருமுறை கிம்ப்புக்கு அனுப்புங்கள். நன்கொடையில் ஓடும் வேலை அது. டார்க்டேபிளுக்குப் பணத்தைவிட உதவியாக இருப்பது உங்கள் கேமரா. புது மாடல் வாங்கியிருந்தால், அது எடுக்கும் ரா கோப்புகளின் மாதிரிகளை ஒவ்வொரு சுருக்க முறையிலும் ஒன்றாக எடுத்து, திறமூலக்காரர்கள் நடத்தும் பொது ரா களஞ்சியத்தில் ஏற்றுங்கள். ஆள் முகம் இல்லாத, பகலில் எடுத்த சாதாரணப் படம் போதும். அந்த மாதிரிகளை வைத்துத்தான் ஒரு கேமராவை மென்பொருள் திறக்கக் கற்றுக்கொள்கிறது. பட்டுக்கோட்டையில் ஒருவர் ஏற்றினால், அதே கேமராவை வாங்கிய எல்லா ஊர்க்காரர்களுக்கும் அடுத்த பதிப்பில் அது திறக்கும்.